மெஷின் சொன்னால்தான் சாவி

கிந்தா பாட்டாளிகள் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் ஈப்போ தலைமையகத்தில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. பலகையில் வரிசையாக ஆணிகள். குனோங் ராபாட்டில் சங்கம் கட்டி முடித்த ஒற்றை மாடி வீடுகளின் சாவிகள் அந்த ஆணிகளில் தொங்கின. அதில் ஒரு சாவி இருளாயியுடையது. அவளுடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சங்கத்துக்கும் இல்லை. சாவியில் கட்டியிருந்த அட்டையில் அவள் பெயரைச் சங்கமே எழுதி வைத்திருந்தது. எட்டி எடுத்தால் கைக்கு வந்துவிடும். அந்தக் கையை நீட்ட அதிகாரம் உள்ள ஆள்தான் சங்கத்தில் இல்லை.

"எடுத்துக் குடுத்தீங்கன்னா போயிருவேன் ஐயா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

செயலாளர் கார்த்திகேசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு முன்னால் கண்ணாடி துடைப்பது அவர் வழக்கம். 

"அம்மா, கையால சாவி குடுக்கிறத இந்த மாசத்துலேர்ந்து நிறுத்தியாச்சு. கமிட்டில தீர்மானம் போட்டாச்சு. இனிமே எல்லாம் மெஷின் வழியாத்தான்."

"மெஷினு எங்க ஐயா இருக்கு?"

"இன்னும் வரலை."

இருளாயி கோப்பெங்கைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கல்யாணம் ஆன நாளிலிருந்து பால்மரம் வெட்டியவள். அந்தத் தோட்டத்தை யாரோ ஒரு சீன முதலாளி, தவ்கே, வாங்கிவிட்டார். குழி தோண்டிப் பந்து தள்ளும் விளையாட்டுக்கு நிலம் வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட வேண்டும், இல்லையென்றால் புல்டோசர் வந்து காலி செய்துவிடும் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சங்கத்துக்குக் கட்ட வேண்டியதை எல்லாம் அவள் எப்போதோ கட்டி முடித்துவிட்டாள். புருசன் பேர் ஐயாவு. அவருக்கு இனிப்பு நீர் வியாதி வந்து, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லயம் இடிந்தால் அந்த மனுசனைத் தூக்கிக்கொண்டு எந்த ரோட்டோரத்தில் போய் உட்காருவது? அது அவள் கவலை. சங்கத்தின் கவலை வேறாக இருந்தது.

சங்கத் தலைவர் பத்துமலை சிங்கப்பூர் போய் வந்திருந்தார். அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு பெண் பிள்ளை பொத்தானைத் தட்ட, காகிதம் கடகடவென்று வெளியே வந்து விழுந்ததைப் பார்த்தார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஊர் திரும்பியதும் கமிட்டியைக் கூட்டி, மலேசியத் தமிழனின் மானம் இந்த மெஷினில்தான் இருக்கிறது என்று சொன்னார். மானத்தைப் புதிதாக வாங்கினால் விலை அதிகம் என்று பொருளாளர் சொன்னார். ஈய விலை படுத்துப் போய் கோப்பெங் பக்கத்தில் ஒரு ஈயக் கம்பெனி அப்போதுதான் கடையைக் கட்டியிருந்தது. நாற்காலி, மேசை, இரும்பு அலமாரி எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார்கள். அதோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் வந்தது. சங்கம் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

இரண்டு கதவு பீரோவைப் படுக்கப் போட்டதுபோல் இருந்தது அந்த மெஷின். மாடிப்படி திரும்பும் இடத்தில் அது மாட்டிக்கொண்டதில், ஒரு நாள் முழுக்க யாரும் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. தலைவர் மேலே மாட்டிக்கொண்டார். கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ரஹீம், ரொட்டி சானாயையும் தால்சாவையும் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியாக ஏற்றினார். "மூணு தடவ ஏத்துனேன் அக்கா. நாட்டுக்காக அடைபட்டுக் கெடக்கேன்னு தலைவர் மேலேர்ந்து சொல்றாரு. காசு மட்டும் கீழ எறங்கவே இல்ல" என்று பிறகு இருளாயியிடம் சொன்னார்.

மெஷினுக்குள் ஏற்கெனவே ஒரு சிஸ்டம் இருந்தது. அதற்கு ஈயத்தைப் பற்றி மட்டுமே தெரியும். எத்தனை டன் தோண்டினாய், ஈயம் வாரும் கப்பலில் எது ஓடவில்லை என்றுதான் கேட்கும். வீடு, சாவி, உறுப்பினர் என்று எதைச் சொன்னாலும் அதற்கு விளங்காது. ஆகவே யூனிக்ஸ் என்ற புத்தம் புதிய சிஸ்டத்தை இந்தப் பழைய மெஷினில் ஏற்றுவது என்று முடிவானது. கோலாலம்பூர் கம்பெனிக்காரன் லியோங் வந்து மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கிழடு லா தலைவர். புது சிஸ்டம் கனம். ஏத்தலாம், ஆனா திணறும்" என்று மலாயில் சொன்னான்.

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கிழடா? நானுந்தான் கிழடு. எனக்குப் புதுசு புதுசா எத்தன பதவி குடுத்தாலும் நான் திணறிப் பார்த்திருக்கியா?"

லியோங் பார்த்ததில்லை. ஏற்றலாம் என்று ஒப்புக்கொண்டான்.

மெஷினுக்கு வெயில் ஆகாது, தூசு ஆகாது. உறுப்பினர்கள் உட்கார்ந்து காத்திருக்கும் கூடத்தைப் பிடுங்கி மெஷின் அறை ஆக்கினார்கள். ஏர்கோன் போட்டார்கள், தரையில் கம்பளம் விரித்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கார்த்திகேசு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். உறுப்பினர்கள் கீழே ரஹீம் கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில், வெயிலும் லாரிப் புகையும் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, உக்காருங்க, தேத்தண்ணி தாரேன்" என்றார் ரஹீம். "மெஷினுக்கு வேர்க்குதுன்னு ஏர்கோன் போட்டாங்க. என் கடைல ஃபேன் ரோசாக் ஆகி, சுத்தாம நின்னு ரெண்டு வருசமாச்சு. ஒரு கமிட்டிக்காரனாவது அண்ணாந்து பார்த்தானா?"

"எனக்குத் தேத்தண்ணி வேணாம் தம்பி. சாவி குடுத்தாப் போதும்."

"சாவி கடைல விக்கலையே அக்கா. வித்தா மொத ஆளா ஒங்களுக்குத்தான்."

சிஸ்டம் பார்சலில் வந்து சேர்ந்தது. கறுப்பு நிறத்தில், சதுரமாக, தோசைக்கல் அகலத்தில் தகடுகள். வளைத்தால் வளைந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்ட ஓட்டை. அதன் கீழே விரல் நீளத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்குள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ வழவழவென்று பளபளத்தது. இந்தத் தகடுகளை ஒவ்வொன்றாக மெஷினுக்கு ஊட்டினால் அது புது உயிர் பெற்றுவிடும் என்று வரவேற்பு மேசை நவமணி விளக்கினாள். சங்கத்தில் அந்த மெஷினைப் பற்றி ஒரு வாரம் பாடம் படித்தவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

புது உயிர் என்றால் சும்மா ஏற்ற முடியுமா? நல்ல நேரம் பார்த்தார்கள். வாசலில் வாழை கட்டினார்கள். நாதஸ்வரம் வந்தது. சந்தனம், குங்குமம், பூ, தேங்காய் எல்லாம் தட்டில் தயாராக இருந்தது. தலைவரின் மனைவி வந்து பொட்டு வைப்பதாக ஏற்பாடு. அம்மையார் கொண்டை போடும் கடையில் மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் நகர்ந்துகொண்டிருந்தது. கார்த்திகேசு படியிறங்கி வந்து அஞ்சடியில் நின்ற பெண்களை எல்லாம் நோட்டம் விட்டார்.

"இருளாயி அம்மா! ஒங்க வீட்டுக்காரரு இருக்காருல்ல?"

"இருக்காரு ஐயா. கால்தான் ஒண்ணு இல்ல."

"காலப் பத்தி ஒண்ணுமில்ல. சுமங்கலிதானே? மேல வாங்க. கையக் கழுவிக்கிட்டு வாங்க."

இருளாயி ரஹீம் கடைக் குழாயில் கையைக் கழுவினாள். மெஷின் வேலை செய்தால் சாவி கிடைக்கும். தன் கையாலேயே அது நடக்கப் போகிறது. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பளத்தில் கால் வைத்தாள். குளிர் அடித்தது.

முதலில் தலைவர் பேசினார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! இந்தச் சங்கத்தில் ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் இதுவரை நீங்கள் என்னைத் திட்டினீர்கள். செயலாளரைத் திட்டினீர்கள். எங்கள் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தீர்களா? இனி அந்தக் கவலை இல்லை. இனிமேல் நீங்கள் இந்த மின்கணிப்பொறியைத் திட்டலாம். அதற்குக் காது கிடையாது. மனிதன் தப்புச் செய்தால் மன்னிப்புக் கேள் என்கிறார்கள், பதவியை விட்டு இறங்கு என்கிறார்கள். மெஷின் தப்புச் செய்தால் யார் இறங்குவது? யாரும் இறங்க வேண்டியதில்லை! இதைத்தான் உலகம் முன்னேற்றம் என்கிறது. நம் பாட்டாளி மக்கள் காத்திருக்கத் தெரிந்தவர்கள். இவ்வளவு காலம் பழைய முறையில் காத்திருந்தீர்கள். இன்று முதல் நவீன முறையில் காத்திருக்கப் போகிறீர்கள்!"

பலத்த கைதட்டல். இருளாயியும் தட்டினாள். சீக்கிரம் முடியட்டும் என்றுதான் தட்டினாள்.

மெஷினின் நெற்றிக்குச் சந்தனம் வைத்தாள். ஏர்கோனுக்கு வைத்தாள். பிறகு கார்த்திகேசு தகடுகளைத் தாம்பாளத்தில் பரப்பி நீட்டினார்.

"எங்க ஐயா வெக்கிறது? எல்லாம் கறுப்பா இருக்கே. கறுப்புல பொட்டு வெச்சா நல்லதா?"

கார்த்திகேசு ஒரு தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தா, ஜன்னல் வுட்டிருக்கான் பாருங்க. இதுக்குன்னேதான் வுட்டிருப்பான். வெள்ளக்காரன் எல்லாத்தையும் யோசிச்சுச் செய்வான். இதுக்குள்ள வைங்க."

நவமணி வாயைத் திறந்தாள். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் என்று நினைத்து உச்சத்தில் ஊதினார். நவமணியின் வாய் அசைந்தது மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

இருளாயி ஒவ்வொரு ஜன்னலிலும் மோதிர விரலால் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமத்தை வட்டமாக அழுத்தினாள். பால் வெட்டிப் பழகிய கை. ஒன்றுகூடக் கோணவில்லை. சொந்த மகள் கல்யாணத்தில்கூட அவள் இவ்வளவு பக்தியாகப் பொட்டு வைத்ததில்லை.

தலைவர் முதல் தகட்டை மெஷினின் வாய்க்குள் தள்ளினார். உள்ளே கர்ர்ர் என்று ஒரு சத்தம். மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை நகத்தால் சுரண்டுவது போல இருந்தது. இரண்டாவது தகடு. கர்ர்ர். மூன்றாவது. எல்லாத் தகட்டையும் ஊட்டி முடித்ததும் பச்சைத் திரையில் ஓர் ஆங்கில வரி வந்து நின்று கண் சிமிட்டியது.

"என்ன சொல்லுது?" என்றார் தலைவர்.

"படிக்க முடியலைங்குது சார்" என்றாள் நவமணி.

தலைவர் கார்த்திகேசைத் திரும்பிப் பார்த்தார். "படிப்பு ஏறாத மெஷினையா வாங்கிட்டு வந்தீங்க?"

அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் மட்டும் குறையில்லாமல் நடந்தது.

மறுவாரம் 'மெஷின் நலக் குழு' என்று ஒரு துணைக் குழு அமைந்தது. குழு கூடி ஆராய்ந்தது. மெஷின் புது இடத்துக்கு வந்து மிரண்டு போயிருக்கிறது என்று ஓர் உறுப்பினர் சொன்னார். ஆகவே மெஷின் அறைக்குப் பக்கத்தில் யாரும் உரக்கப் பேசக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். உறுப்பினர்கள் தங்கள் குறைகளைக் கிசுகிசுப்பாகத்தான் சொல்ல வேண்டும். பிறகு குழு ஆராய்ச்சிப் பயணமாகப் பினாங்கு போனது. கடற்கரை ஓட்டலில் தங்கி மூன்று கூட்டம் நடத்தி, ஜாதிக்காய் ஊறுகாயுடன் திரும்பி வந்தது. மெஷினைப் பற்றிப் பினாங்கில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்பது உறுதியாகியிருப்பதாக அறிக்கை சொன்னது.

இருளாயி கார்த்திகேசின் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள். "ஐயா, லயத்துல தண்ணிய நிப்பாட்டிட்டாங்க. அந்தா தொங்குது சாவி. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, நானே எடுத்துக்கிறேன்."

கார்த்திகேசும் கிசுகிசுத்தார். "அது பார்வைக்குத்தான் சாவி மாதிரி இருக்கும்மா. மெஷின்ல ஏறுற வரைக்கும் அது சாவி கெடையாது."

"அப்ப அது என்னா ஐயா?"

கார்த்திகேசு கண்ணாடியைத் துடைத்தார். "இரும்பு" என்றார்.

கடைசியில் லியோங் மறுபடியும் வந்தான். மெஷினின் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தான். ஒரு தகட்டை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். நல்லா மணக்குதே என்று மலாயில் சொன்னான். ஜன்னலில் விரல் வைத்தான். விரல் சிவப்பாக வந்தது. அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஜன்னல் வழியாகத்தான் மெஷின் தகட்டைத் தடவிப் படிக்குமாம். விரல் ரேகை பட்டாலே ஆகாதாம். மெஷினின் தொண்டை முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்து கிடந்தது. அதைக் கழுவி எடுக்க வேண்டும், தகடுகள் புதிதாக வர வேண்டும். இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றான்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. தலைவர் மேசையைத் தட்டினார். "பொட்டு வைத்தது தப்பு என்று இந்தச் சங்கம் ஒருக்காலும் ஒத்துக்கொள்ளாது! பொட்டு வைக்கும் இனம் நம் இனம். இது தெரியாமல் ஜன்னல் வைத்தவன்தான் தப்புச் செய்தவன். இனி செய்யும் தகடுகளில் பொட்டுக்கென்று தனி இடம் விடும்படி தயாரித்த கம்பெனிக்கு எழுதுங்கள்!" தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பொட்டு வைத்தவள் வெளியாள், சங்க ஊழியர் அல்ல என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்கள்.

"நீங்கதானே ஐயா ஜன்னல்ல வைன்னு சொன்னீங்க" என்றாள் இருளாயி.

"நான் வாயாலதானே சொன்னேன்? வாயால சொன்னதுக்குச் சங்கம் பொறுப்பில்லம்மா."

அவள் படியிறங்கி வந்து ரஹீம் கடையில் தொப்பென்று உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை லயத்துக்கு வந்த கிராணி, திங்கட்கிழமை காலையில் புல்டோசர் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வீடுகள் எல்லாம் காலி. மகள் வீட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர். ஐயாவு மட்டும் கட்டிலில் உட்கார்ந்து, 'வரட்டும், என்னையும் சேத்து அள்ளிட்டுப் போகட்டும், ஆசுபத்திரிக்குப் போற டாக்சிக் காசு மிச்சம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெஷினோட தொண்டையில சந்தனத்த அடைச்சுப்புட்டேன் தம்பி. என் வீட்டுக்கு நானே பூட்டுப் போட்ட மாரி ஆயிருச்சு."

ரஹீம் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அக்கா, ஒங்க வீடு எங்க இருக்கு?"

"குனோங் ராபாட்ல."

"அப்பறம் எதுக்கு எங் கடைலயே நிக்கிறீங்க? வீடு அங்கல்ல நிக்குது. அடுப்படி ஜன்னலு என்னா போட்டிருக்கான்?"

"நாக்கோ கண்ணாடிதான். பட்டை பட்டையா."

"கிரில்?"

"அதுக்குத் தனியாக் காசாம். நான் போடல."

ரஹீம் டம்ளரை வைத்தார். "நாக்கோவப் பத்தித் தெரியாதா ஒங்களுக்கு? ஒவ்வொரு கண்ணாடியா உருவி அடுக்கிட்டாப் போச்சு. என் வேன் ஞாயித்துக்கெழம மத்தியானம் சும்மாத்தான் நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குனோங் ராபாட் குடியிருப்பு, அந்தத் தாமான் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது. ரஹீம் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவிப் பத்திரமாகச் சுவரோரம் சாய்த்தார். இருளாயி கயிறு மாதிரி மெலிந்த உடம்புக்காரி. ஜன்னல் வழியாக நுழைந்து, அடுப்பு மேடையில் கால் வைத்து இறங்கி, உள்ளேயிருந்து முன்கதவைத் திறந்தாள். ரஹீம் பழைய பூட்டைக் கழற்றிவிட்டுச் சீனன் கடையில் வாங்கிய புதுப் பூட்டைப் பொருத்தினார். ஐயாவுவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஐயாவு சுற்றிலும் பார்த்தார். "திருட்டுத்தனமா வந்த வீடு மாதிரி தெரியலையே புள்ள. நல்லாத்தான் இருக்கு."

"நம்ம வீட்டுக்கு நாம வந்ததுக்கு என்னா திருட்டு? பேசாம உக்காருங்க" என்றாள் அவள். ஆனாலும் அன்று முழுக்கக் குசுகுசுவென்றுதான் பேசினாள். சங்கத்தில் பழகிய பழக்கம்.

திங்கட்கிழமை லயம் தரைமட்டம் ஆனது.

புதுத் தகடுகள் ஒருவழியாக வந்தன. மறுபடியும் பூஜை. இந்த முறை தகட்டைத் தொட யாரையும் லியோங் விடவில்லை. வைத்தே ஆக வேண்டுமே என்று அவன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்கள். அவன் மூன்று வடை சாப்பிட்டுவிட்டு, சிஸ்டத்தைச் சத்தமில்லாமல் ஏற்றி முடித்தான். பச்சைத் திரை கண் விழித்தது. தலைவர் கிட்டே போய் உட்கார்ந்தார்.

"என்ன கேக்குது?"

"யாரு நீங்கன்னு கேக்குது சார். பேரு சொன்னாத்தான் உள்ள வுடும்" என்றாள் நவமணி.

தலைவர் முகம் சிவந்தது. "என் சங்கத்துல என் காசுல என் ஏர்கோன்ல உக்காந்துக்கிட்டு என்னையே யாருன்னு கேக்குதா? போடு! பட்டம், பதக்கம் எல்லாத்தையும் சேத்துப் போடு!"

மெஷின் எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் வாங்க மறுத்தது. பட்டங்களைக் கழித்தார்கள். பதக்கங்களைக் கழித்தார்கள். தகப்பனார் பெயரைக் கழித்தார்கள். கடைசியில் தலைவரின் சொந்தப் பெயரையே கடைசி இரண்டு எழுத்தை நறுக்கி 'பத்துமல்' என்று ஏற்றுக்கொண்டது. அடுத்து ரகசியச் சொல் ஒன்று கேட்டது. இவ்வளவு முக்கியமான ரகசியத்தைத் தனி ஒருவர் முடிவு செய்யக்கூடாது என்பதால் முழுக் கமிட்டியும் கூடி, வாக்கெடுத்து, ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, எல்லா உறுப்பினர்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியது.

அதற்குப் பிறகுதான் மெஷின் வேலை செய்யத் தொடங்கியது. முதல் நாளிலேயே இரண்டு தாள் அச்சடித்தது. ஒரு தாளில், இருளாயிக்கு உடனே சாவி கொடுக்கலாம் என்று இருந்தது. இன்னொரு தாளில், அதே வீட்டில் யாரோ அத்துமீறிக் குடியிருப்பதாகச் சங்க வீடுகளைச் சுற்றிப் பார்க்கும் மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார், அவரை அப்புறப்படுத்தாமல் சாவி கொடுக்கக்கூடாது என்று இருந்தது.

கார்த்திகேசு இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் குனோங் ராபாட்டுக்கு வந்தார். இருளாயி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒங்களுக்கு வீடு வந்துருச்சு. ஆனா இங்க யாரோ அத்துமீறி இருக்காங்களாம்."

"நாந்தான் ஐயா இருக்கேன்."

"நீங்க எப்படிம்மா இருக்க முடியும்? ஒங்களுக்கு இன்னும் சாவியே குடுக்கலையே."

"குடுக்கலதான். ஆனா இருக்கேனே. அவருகூட உள்ளதான் படுத்திருக்காரு."

"இருளாயின்னு போட்டா மெஷின் வீடு இல்லாதவங்கன்னு சொல்லுது. இந்த வீட்ட அடிச்சா உள்ள ஆள் இருக்குன்னு சொல்லுது. ரெண்டும் ஒரே ஆளா இருந்தா மெஷின் தப்புன்னு ஆயிடும். இவ்ளோ செலவு பண்ணிட்டு மெஷின் தப்புன்னு தலைவர்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

இருளாயி இடுப்பில் கை வைத்தாள். "இப்ப நான் என்னா செய்யணும்?"

கார்த்திகேசு கண்ணாடியைத் துடைத்தார். "இந்த அத்துமீறுன பொம்பளைய நீங்கதான் கெளப்பி விடணும். சனிக்கெழம காலைல சாமான எல்லாம் வெளிய எடுத்துருங்க. தலைவர் வந்து சாவி குடுப்பாரு. படம் எடுத்ததும் நீங்க உள்ள வந்துருங்க."

அவருடைய முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. சரி என்றாள்.

சனிக்கிழமை ரஹீம் வேனைக் கொண்டுவந்தார். கட்டில், பெட்டி, சாமி படம் எல்லாம் ஏறி அடுத்த தெரு மூலையில் போய் நின்றது. ஐயாவு நாற்காலியோடு எதிர் வீட்டுப் போர்ட்டிகோவுக்குக் குடிபோனார். அடுப்பில் ஒரு சட்டி மட்டும் பாக்கி. மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து கடைக்கு வந்த மீனில் ஒன்றை ரஹீம் காலையில்தான் கொடுத்திருந்தார். குழம்பு அப்போதுதான் கொதித்து அடங்கியிருந்தது. சுடச் சுடச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் எப்படி நிற்பது? மூடி வைத்துவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

தலைவர், கமிட்டி, போட்டோக்காரர் எல்லோரும் வந்து இறங்கினார்கள். தலைவர் மாலை போட்டுக்கொண்டார். "மின்கணிப்பொறி வழங்கும் முதல் வீடு!" என்று அறிவித்துவிட்டு, பலகையிலிருந்து கொண்டுவந்த சாவியைப் பூட்டில் நுழைத்தார். நுழையவில்லை. திருப்பிப் போட்டார். நுழையவில்லை. தோளால் கதவை இடித்தார்.

"மெஷின் குடுத்த சாவி தப்பாகாது" என்றார் மூச்சு வாங்க. "கதவுதான் தப்பு."

கார்த்திகேசின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இருளாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் சாவியை அவர் உள்ளங்கையில் அழுத்தினாள். "ஸ்பேர் சாவி தலைவரே" என்று அவர் குழறினார். கதவு திறந்தது. கைதட்டல். போட்டோக்காரரின் பல்பு மின்னியது.

உள்ளே கால் வைத்ததும் தலைவர் மூக்கு விரிந்தது. "யாருய்யா இங்க சமைச்சது?"

கார்த்திகேசு கூரையில் எதையோ தேடினார். கமிட்டி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"அத்துமீறி இருந்தாளே ஐயா, அவதான்" என்றாள் இருளாயி. "போன அவசரத்துல சட்டிய அப்படியே வுட்டுட்டுப் போயிட்டா."

"பார்த்தீங்களா? மெஷின்னா எவ்வளவு பயம் இருக்கு ஜனங்களுக்கு!" தலைவர் கமிட்டியைப் பார்த்து விரலை ஆட்டினார். கழுவித் துடைத்த தரையைப் பார்த்தார், அடுப்பு மேடையைப் பார்த்தார். "ஆனா வீட்ட சுத்தமா வெச்சிருக்கா."

"நல்ல பொம்பளதான் ஐயா. கொழம்பு ஆறுனா நல்லா இருக்காது. கைய அலம்பிட்டு உக்காருங்க."

வேனிலிருந்து தட்டுகளும் ரஹீம் கடைச் சோறும் வந்தன. தலைவர் தரையில் சப்பணம் கூட்டி உட்கார்ந்தார். இரண்டாவது தடவை சோறு கேட்டார். மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கொஞ்சம் இரக்கத்தோடு கேட்டார்.

"எங்க போயிருப்பா அந்தப் பொம்பள? பாவம்."

"ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டா ஐயா" என்றாள் இருளாயி. "இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?"